முன் சீட்டு

ஜூன் 12, வியாழன்

மகள் ஐஸ்வர்யா ஸ்கூட்டரில் காலேஜுக்குப் போனாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் வரும்வரை எனக்குக் கடையில் கை ஓடவில்லை. துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்து போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அவள் போகிற அதே பைபாஸில்தான் அவள் அப்பா உயிர் போனது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரன் ஸ்கூட்டரைப் பார்க்கவே இல்லையாம். ஏழு மாதம் ஆகிறது. லாரிகள் இன்னும் அதே வேகத்தில்தான் ஹார்பருக்குப் போகின்றன.

ஜூன் 15, ஞாயிறு

சோறு வைக்கும்போது சொல்லிவிட்டேன். ஸ்கூட்டர் வேண்டாம், கார் எடுத்துருவோம், அப்பாவுக்கு வந்த நஷ்டஈட்டுப் பணம் இருக்கு. பதினெட்டு முடிந்ததுமே லைசன்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள்.

"எம்மா, என்னைய சைக்கிள் ஓட்டவே விடாத ஆளு நீ" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரித்து எவ்வளவு நாளாச்சு.

ஜூன் 22, ஞாயிறு

என் அண்ணன் நயினார் எங்களைப் பால்துரை அண்ணாச்சியிடம் கூட்டிப் போனார். பழைய கார் வாங்கி விற்கிறவர். ஜீப் மாதிரி பெரிய வண்டி ஒன்று நின்றது. தட்டிப் பார்த்தேன், நல்ல கனம். லாரி இடித்தாலும் தாங்கும், இதுவே இருக்கட்டும் என்றேன்.

ஐஸ்வர்யா ஏறி உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தாள். "முன்னால சின்னப்பிள்ள நின்னா தெரியாதும்மா. நான் யாரையாவது இடிச்சிட்டா?"

எனக்குச் சுரீர் என்றது. இவளை யாரும் இடித்துவிடக் கூடாது என்றுதானே நினைத்தேன். இவள் இடித்தால் அந்த வீட்டிலும் ஒருத்தி என்னைப் போலத்தானே உட்கார்ந்திருப்பாள்?

சின்ன வண்டியே பார்த்தோம். வெள்ளை நிறம், ஏர்பேக் இருக்கிறது, நாலு பக்கமும் தெரிகிறது. உள்ளே கிடந்த கால்மிதியைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று தடவினேன். உப்புக்காற்று வீட்டு கிரில்லையே தின்றுவிடுகிறது.

"எக்கா, சேலை எடுக்க வந்த மாதிரில்லா தடவுதிய" என்றார் அண்ணாச்சி.

"ஏர்பேக்கை விரிச்சுக் காட்டச் சொல்லாம இருக்காங்களே, அதுவே பெருசு" என்றாள் இவள். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்கு நீதான் பக்கத்துல உக்காரணும். எனக்கும் பயம் இருக்கும்லா?" சரி என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. அண்ணன் பெண்டாட்டி முருகேஸ்வரி மதினி மாலையும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தாள். தெருவே கூடி நின்றது. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தாலி இல்லாதவள் எதிரே நிற்கலாமா, முதல் ஓட்டத்தில் ஏறலாமா. யாரும் என்னைச் சொல்லவில்லை. நானேதான் ஒதுங்கிக்கொண்டேன்.

ஐஸ்வர்யா உள்ளே வந்தாள். "வாம்மா, ஏறு."

"அத்தைய உக்காரச் சொல்லு. நான் பொறவு வாரேன்."

"நீதானம்மா பாத்து எடுத்த?"

"சொன்னாக் கேளுளா. நான் ஏறினா நல்லாருக்காது."

அவள் முகம் போன போக்கு. "அப்பா செத்ததுக்கு நீ என்ன பண்ணுன? நீயா லாரிய ஓட்டுன?" வாசல்வரை கேட்டிருக்கும். வாயை மூடிட்டுப் போ என்றேன்.

போய்விட்டாள். டயருக்கு அடியில் பழம் நசுங்கிய சத்தம் உள்ளே கேட்டது. முன் சீட்டில் மதினி.

ஜூலை 9, புதன்

வண்டியில் வா என்று அவள் கூப்பிடவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

பைபாஸில் ஒரு லாரி உரசி வண்டியின் பக்கக் கண்ணாடி தெறித்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. மதினி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"ஓரமா நிப்பாட்டிட்டு எனக்குப் போன் போட்டா. ஒரே அழுகை. கை நடுக்கம் நிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தேன்."

பயந்து நடுங்கினபோது என் பிள்ளைக்கு நான் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ஐஸ்வர்யாவிடம் கேட்டேன். "நீ வாசலுக்கே வரலியேம்மா" என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 18, வெள்ளி

பழம் நசுக்கினோம். மாலை போட்டோம். நான் ஒளிந்துகொண்டேன். அப்படியும் லாரி உரசத்தானே செய்தது? நான் ஏறாமல் இருந்து எதைக் காப்பாத்தினேன்? அன்றைக்கு அவள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கையையாவது பிடித்திருப்பேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் வரட்டா என்று கேட்டேன்.

"எங்க போகணும்?"

"நீ போற இடத்துக்கு."

தருவைகுளத்தில் கூடப் படிக்கிற பிள்ளை வீடு என்றாள். கையைத் துடைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டாள். ஏறினேன். முன் சீட்டில் அவள் பை இருந்தது.

"பின்னாலயும் பெல்ட் இருக்கும்மா. போடு." எனக்கு மாட்டத் தெரியவில்லை. திரும்பிக் கையை நீட்டி அவளே மாட்டிவிட்டாள்.

பைபாஸில் லாரி பக்கத்தில் வந்ததும் கண்ணை இறுக மூடித் திறந்தேன். அவள் வேகத்தைக் குறைத்து லாரிக்கு வழி விட்டாள். ஒரு பதற்றமும் இல்லை. நல்லாத்தான் ஓட்டுறா. இதற்குள் தனியாகவே பழகிவிட்டாள்.

பையை எடுத்துப் பின்னால் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் எடுக்கவில்லை.