நூல் கட்டி வைத்த போல்ட்டுகள்

குமுதா,

வேறு பம்ப் வாங்க வேலூர் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். கார் எஞ்சினில் மாட்டிய புது வாட்டர் பம்ப் விரிசல் விட்டுவிட்டது. குட்டை போல்ட் போக வேண்டிய ஓட்டையில் நீளமானதைப் போட்டு முறுக்கித் தொலைத்தேன். எது எங்கே என்று மாறக் கூடாதென்றுதான் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கலர் பட்டு நூல் கட்டியிருந்தேன். நீ அத்தனையும் அவிழ்த்துக் கழிவுப் பட்டுப் பையில் போட்டுவிட்டு, போல்ட்டுகளைக் கழுவி வேறு வைத்திருக்கிறாய்! "பட்ட இப்டி வீணாக்கிகினு இருக்கீங்களே"ன்னு என்னையே கேட்கிறாய். கத்தாமல் என்ன செய்வேன்?

லாவண்யாவுக்கு இடுப்பு வலி கண்டால் எனக்காகக் காத்திருக்காதே. எதிர்வீட்டு ஹேமநாத்தின் ஆட்டோவைக் கூப்பிடு. அவன் இல்லையென்றால் 108. ஆஸ்பத்திரிப் பை பீரோ மேலே இருக்கிறது.

எனக்குச் சோறு வைக்காதே, இறங்காது.

கமலக்கண்ணன்

அந்த நூல்களை எறிந்துவிடாதே. வந்ததும் மறுபடி கட்ட வேண்டும். இந்த முறை நீயும் பக்கத்தில் உட்கார்.

இன்னொன்று. கிளம்பும்போது லாவண்யா, "வண்டி ரெடியாப்பா?" என்று கேட்டாள். "ரெடிம்மா" என்று சொல்லி பானெட்டை மூடிவிட்டேன். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் நீயும் அதையே சொல்.