ஏறாத ரயில்

குளுவாங், 12.8.1927

அன்புள்ள ராக்காயிக்கு, உன் வீட்டுக்காரன் சங்கிலி எழுதுவது. நான் சுகம். உனக்கு இருமல் விட்டதா? ஆத்தாவுக்கு முட்டிவலி எப்படி?

சிங்கப்பூர் துறைமுக வேலைக்குப் போவதாக எழுதியிருந்தேனே. ரப்பர் பால் வெட்டும் என் கத்தியைக் கூட வேலை செய்யும் சபாபதிக்குக் கொடுத்துவிட்டு, எல்லோரும் மாலை போட்டு வழியனுப்ப, ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலும் வந்தது. உள்ளே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கால் எழும்பவில்லை, ராக்காயி. ரயில் போய்விட்டது.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கடைசியில் போய் நின்றேன். "என்ன சிங்கப்பூராரே, கப்பலுக்கெல்லாம் மூட்டை ஏத்தி முடிச்சாச்சா?" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சபாபதியிடம் கத்தியைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. இப்போது பால் வெட்டுவது இரவல் கத்தியில்தான்.

நம்ம பக்கத்து ஆள் யாராவது கப்பலேறினால் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

ஊரில் கேட்டால் சிங்கப்பூரில் இருக்கிறேன் என்றே சொல். உறையில் மட்டும் பழைய விலாசத்தை எழுது.