மூன்று வருடமாகக் கழுவாத வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், என் முழங்கால் வலியும் பிரஷரும் என்னைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசாமல் இதென்ன காகிதம் என்று யோசிப்பாய். போன் என்றால் நீ பாதியில் மூக்கை உறிஞ்சுவாய், நான் வைத்துவிடுவேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன், சாப்ட்டீங்களா, சாப்ட்டேன், மூன்று வருடமாக இவ்வளவுதானே நம் பேச்சு. இந்தத் தடவை முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் உட்கார்ந்து படி.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது, நானே வாஷர் மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உன் அறையில் அடைத்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் கீழே இறக்கிவிட்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கல் கழுவும் நாளுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. உனக்குத் தெரியாததா, ஒரு வாளி, ஒரு ப்ரஷ், கொஞ்சம் சோப்புத்தூள், போய்க் கல்லறையைக் கழுவி விளக்கு வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு போன சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். கல்லில் செத்தவர் பெயருக்குக் கீழே கணவன், மகள் என்று யார் யார் பெயர் வெட்டியிருக்கிறதோ அவரவர் வரியை அவரவர்தான் கழுவ வேண்டும், அடுத்தவர் கை படக் கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு. இத்தனை காலமாக இதைச் செய்கிறோம், ஒருத்தரும் வந்து கைதட்டியதில்லை.

இப்போது இதற்குச் சுற்றுலா விடுகிறார்கள். பெயர் என்ன தெரியுமா, முன்னோரைத் தேடி ஒரு பண்பாட்டுப் பயணம். யாருடைய முன்னோர், யார் தொலைத்தார்கள், எதற்குத் தேடுகிறார்கள், ஒரு மண்ணும் தெரியாது. போன வருடம்தான் முதல் தடவை வந்தார்கள். ஏசி பஸ்ஸாம். முப்பத்திரண்டு வருடம் டெப்போவில் இஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான், தெருமுனையில் திரும்பும்போதே பெல்ட் தேய்ந்து கத்துவது காதில் விழுந்தது. வண்டியைப் பார்க்கத் துப்பில்லை, செத்தவர்களைப் பார்க்க வந்துவிட்டார்கள். இறங்கிய கும்பலுக்குக் கழுத்தில் மஞ்சள் அட்டை, காதில் பேச்சுக் கேட்க ஒரு குமிழ். முன்னால் விளக்கம் சொல்லிக் கூட்டிப்போக ஒரு கைகாட்டி, கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருகிறான். இரண்டு கல்லறையில் இடித்துக்கொண்டான், வாய் மட்டும் நிற்கவில்லை. அவனுக்கு நான் வைத்த பெயர் மைக்.

நான் பாட்டுக்கு உன் அம்மா கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காக்கை எச்சம், காய்ந்து பிடித்துக்கொண்டது, ஒரு தடவை தேய்த்தேன் போகவில்லை, இன்னொரு தடவை, மூன்றாவது தடவைதான் போனது. மைக் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பாருங்க, மூணு தடவ தேய்க்கிறாரு, பிறப்பு வாழ்வு இறப்பு மூணையும் குறிக்கிற ஆழமான சடங்கு இது என்கிறான். காக்கை எச்சத்துக்கு வந்த வாழ்வைப் பார்! அதைக் கேட்டு ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைவிடக் கூத்து என்னவென்றால், தையற்காரம்மா அன்றைக்கே தன் வீட்டுக்காரர் கல்லை எண்ணி மூன்று தடவை தேய்த்தாள். ஏம்மா இப்படி என்று கேட்டால், படிச்ச புள்ள சொல்லுதுண்ணே, நாமதான் மறந்துட்டோம் போலருக்கு என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த மைக் போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்தான். இந்த வருடம் நம் வீட்டையும் சேர்க்கிறார்களாம், இருபது நிமிடம், துக்க வீட்டில் ஒரு சந்திப்பு என்று தாளில் அச்சடித்தே விட்டான், பிறகுதான் என்னைக் கேட்கிறான். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அம்மா போட்டோவ ஜன்னல் பக்கம் மாத்திரலாமா ஐயா, வெளிச்சம் நல்லா விழும் என்றான். டிவியைத் துணி போட்டு மூட வேண்டுமாம். நான் எப்படி உட்கார வேண்டும் என்று வேறு பாடம் எடுத்தான், இயல்பா இருங்கய்யா, ஆனா கொஞ்சம் சோகமா இருங்க என்று. டெப்போ காலமாக இருந்தால் ஸ்பேனரை எடுத்திருப்பேன். வயசாகிவிட்டதே என்று பேசாமல் தண்ணீர் கொடுத்தேன். எத்தனை நாற்காலி வேண்டும் என்பதற்காக வருகிறவர்கள் பட்டியலை நீட்டினான். வெளிநாட்டுக் குடும்பம் ஒண்ணு வருதுய்யா, நாலு பேரு, அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த சின்னப் பிள்ளைங்க, நம்ம பண்பாட்டப் பாக்கட்டுமேன்னு கூட்டிட்டு வர்றாங்க என்று பெருமையாக விரலை வைத்துக் காட்டினான். மாப்பிள்ளை பெயர், அதற்குக் கீழே உன் பெயர், அதற்குக் கீழே என் பேரன், பேத்தி.

அது என் மகள் குடும்பம் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிற ஆறு நாற்காலி போதும், மற்றவர்கள் நிற்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, அவன் வைத்துவிட்டுப் போன தாள்களை ஒன்றுவிடாமல் படித்தேன். பெற்ற தாயின் கல்லறைக்கு வர உனக்குக் கைகாட்டி வேண்டியிருக்கிறதா, பிறந்த வீட்டுக்குள் நுழைய மஞ்சள் அட்டை வேண்டியிருக்கிறதா, இருபது நிமிடம் முடிந்ததும் பஸ் ஏறி ஓட்டலுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாயா என்று உன்னைத் திட்டித் திட்டி ஒரு காகிதம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். அம்மா போனபோது சின்னவளைப் பெற்று நாலு நாள்கூட ஆகாமல் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அது தெரிந்தும், இனிமே நீ வந்தா என்ன வராட்டி என்ன என்று போனில் கத்தினவன் நான். கும்பலோடு வந்தால் அப்பா கத்த மாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். சரிதான், இந்த வாய்க்கு வேறு எப்படித்தான் வருவாய்.

ஆனால் நீ அந்தக் கும்பலோடு வரக் கூடாது. அதற்குக் காரணம் வேறு, அதைச் சொல்லத்தான் இத்தனை எழுத்து. அம்மா கல்லில் கணவன் என்ற வரியை நான் வருடா வருடம் கழுவுகிறேன். மகள் என்ற வரி உன்னுடையது, நான் தொடவில்லை, மூன்று வருடப் பாசி ஏறிப் பச்சையாகக் கிடக்கிறது. போன வருடம் மைக் அதைப் பார்த்தான். இங்கே கழுவாத வரி என்றால் அதற்கு உரியவர் உயிரோடு இல்லை என்றுதானே எடுத்துக்கொள்வார்கள், அவனும் அப்படியே எடுத்துக்கொண்டு, இந்த ஐயாவோட பொண்ணும் போய்ச் சேர்ந்துட்டாங்க, இனிமே இந்த வரியக் கழுவ ஆளே இல்ல என்று நாற்பது பேருக்குச் சொன்னான். ஒரு அம்மாள் குனிந்து உன் பெயர் மேல் பூ வைத்தாள். மைக்கைச் சொல்லி என்ன, அவன் தெரியாமல் சொன்னான். ப்ரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றவன் நான். அடேய், என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் மேல் இருந்த கோபம்மா, சொல்லவில்லை. அந்தக் கதைதான் இந்த வருடமும் அவன் தாளில் இருக்கிறது, படித்துப் பார்த்தேன். நீ குமிழைக் காதில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்க வேண்டாம்.

அதனால் கல் கழுவுவதற்கு முதல் நாளே வந்துவிடு. உன் அறையைக் காலி பண்ணி வெள்ளையடித்துவிட்டேன், கட்டில் சின்னது, பிள்ளைகள் என்னோடு கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும். சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் பேரன் பேத்திக்கும் என் ஆசிகள், நீங்கள் நாலு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். பாசி கெட்டியாகப் பிடித்திருக்கிறது, நைலான் ப்ரஷ் வேலைக்காகாது, டெப்போக் கம்பி ப்ரஷ் ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், கையுறை மட்டும் மறக்காமல் கொண்டு வா. மைக் வரும்போது உன் வரி ஈரமாக இருக்க வேண்டும். அவனுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் மகளுக்காக அன்றைக்கு வாயைத் திறக்காத
உன் அப்பா