நீ வெட்டியெறிந்த பாதி

சின்னமனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அருண்பாண்டி,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம், அகமதாபாத் வெயிலில் நீயும் அப்படியே இருக்கச் சுருளி வேலப்பர் துணை. அதற்கு மேல் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசியிருக்கலாம், ஆனால் என் பேச்சை எந்த இடத்தில் வெட்டுவாய் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைப் பந்தலுக்குக் கீழே என்னை நிறுத்திப் படம் பிடித்தாய். சாம்பல் நோய்க்கு எங்கள் கம்பெனி மருந்து கேட்குமா அப்பா என்றாய். கேட்கும், தாராளமாக அடிக்கலாம், ஆனால் அடித்த அன்றே பந்தல் காலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், பழத்தில் மருந்தின் நஞ்சு இறங்கி நான் வந்து அதை அவிழ்க்கும்வரை குலையில் கத்தி வைக்கக் கூடாது என்றேன். மகன் ஆசைக்கு எடுக்கிறான் என்று நினைத்துச் சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன். நீ 'தாராளமாக அடிக்கலாம்' என்பதோடு என் வாயை அடைத்து, அடியில் 'முத்துராஜா, தோட்டக்கலை அலுவலர்' என்று போட்டு இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் வாட்ஸ்அப்பில் ஓடவிட்டாய்.

அதை நம்பி மருந்தடித்த கருத்தக்கண்ணன் நாலாம் நாளே அறுத்துவிட்டான். கேரள வியாபாரி பழத்தைச் சோதித்துப் பார்த்து, மருந்து இன்னும் நிற்கிறதென்று லாரியைத் திருப்பி அனுப்ப, எல்லாவற்றையும் குழி வெட்டிக் கொட்டிவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தான். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆபீசர் செவப்புக் கோவணத்தை அவுத்தாத்தான் அறுப்புன்னு ஊரே உங்கள எளக்காரம் பண்ணும் சார், ஆனா அவுக்காம ஒருத்தனும் அறுத்ததில்ல. படத்துல துணிப் பேச்சையே காணோம், சரி, இது புது மருந்து, துணி தேவையில்ல போலன்னு நெனச்சுட்டேன். நீங்களே சொன்னீகளே" என்றான். நான் சொன்னது பாதிதான் என்றால் சிரிக்கிறான். மீதி உன் போனில் மட்டும்தானே இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், விவசாயிகள் கூட்டத்தில் ஒரு வியாபாரியின் மருந்தைப் புகழ்ந்து பேசும்படி மேலதிகாரி ஒருவர் சொன்னார். எனக்கு நம்பிக்கையில்லாத மருந்து, மாட்டேன் என்றேன். என்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கியடித்தார்கள். எனக்குப் பதிலாகப் புகழ்ந்த இம்மானுவேல் இன்றைக்கு எனக்கே மேலதிகாரி. அவன் கார் போனால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், அது மாறாது. ஆனாலும் நான் வேண்டாமென்று கை காட்டினால் பந்தலில் ஒருவன் தெளிப்பானை இறக்கி வைப்பான். என் உத்தியோகத்தில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான், வாரிசுக்கு விடவும் வேறொன்றும் இல்லை. போன வாரம் இம்மானுவேல் கூப்பிட்டு, "கடைசியில நீங்களும் கம்பெனி ஆளாயிட்டீகளேண்ணே" என்று சிரித்தான். போனை வைத்துவிட்டேன்.

படத்தைப் பார்த்த அன்றே போனில் கேட்டதற்கு நீ என்னவென்றால் "இது மார்க்கெட்டிங்ப்பா, எல்லாரும் செய்றதுதான்" என்று முடித்துவிட்டாய். இந்தப் படத்தால்தான் உனக்கு ஏரியா மேனேஜர் பதவி கிடைத்தது என்று உன் அம்மா ஜோதிலட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பிள்ளை மேல வரட்டும்னு விடுங்க" என்று அவளும் உன் பக்கம். தம்பி, முதல் படியை அப்பன் முதுகில் வைத்து ஏறியவனுக்கு அடுத்த படிக்கும் ஒரு முதுகு தேவைப்படும். முப்பது வயதில் கூசாமல் செய்தது ஐம்பதில் உன் குணமாகிவிடும்.

வருகிற வெள்ளிக்கிழமை சுருளிப்பட்டியில் விவசாயிகள் கூட்டம் இருக்கிறது. அதற்குள் வெட்டாத படத்தை அனுப்பு, அங்கே போட்டுக் காட்டுகிறேன். அதனால் உன் பதவி ஆடினால் ஆடட்டும். அனுப்பாவிட்டாலும் கூட்டத்துக்குப் போய், என் மகன்தான் வெட்டினான் என்று என் வாயாலேயே சொல்வேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஹோட்டல் எண்ணெய் உன் வயிற்றுக்கு ஆகாது. நல்ல புத்தியோடு நீண்ட ஆயுளோடு இரு, இது மனதாரச் சொல்வது.

ஒரு கையெழுத்தாவது போடுங்க என்கிறாள் உன் அம்மா. கீழே இடம் இருக்கிறது, பேனாவும் கையில்தான் இருக்கிறது. ஆனால் என் பெயர் இப்போது உங்கள் மருந்துக்குக் கீழே நிற்கிறது. அதை அங்கிருந்து நீ எடுக்கும்வரை வேறெதிலும் போடுவதாக இல்லை. இப்படியே ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.