சத்தமில்லாமல் விழுந்த வாக்குகள்

அக்கா,

இன்று காலை கோயிலடிப் பக்கம் போனேன். கடற்றொழிலாளர் சங்கச் சுவரில் ஈரம் காயாத பசை வாசம். தலைவர் பதவிக்கு நான்கு பேர் போட்டியாம். ஒருவரின் முகத்துக்கு மேல் இன்னொருவரின் முகத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அலங்கோலந்தான். ஆனாலும் உங்களை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன்.

நம் காலத்தில் அந்தச் சுவர் வெறுமையாகவே கிடந்தது. முதலில் சம்மாட்டியாரின் தகப்பன் தலைவர், பிறகு சம்மாட்டியார். ஊரில் பாதிப் படகும் வலையும் அவர்களுடையவை. வருடாவருடம் மைத்துனர் முன்மொழிவார், மருமகன் வழிமொழிவார், "போட்டியின்றித் தெரிவு" என்று கைதட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்போம். போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்த பிறகுதான் நமக்கு உறைத்தது. சங்கத்துக்கு வந்த கொஞ்ச மண்ணெண்ணெயும் அவருடைய படகுகளுக்கே போனது.

கணவரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, என்னோடு கடகத்தில் மீன் சுமந்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்த நீங்கள்தான் எழுந்தீர்கள். "தலைவர் பதவிக்கு நானும் கேக்கிறன்." தோற்றால் ஒரு படகும் உங்களுக்கு மீன் தராது என்று சம்மாட்டியார் மறுநாளே சொல்லியனுப்பினார்.

அவர் முன்னால் யார் கையுயர்த்துவார்கள்? வாக்குச் சீட்டுக்குக் கடதாசியும் இல்லை. வலையில் கட்டும் ஈயத்தில் ஒன்றும் றப்பர் மிதப்பில் ஒன்றும் ஆளுக்காள் கொடுத்து, மறைப்பாகக் கட்டிய பாய்ச்சீலைக்குப் பின்னாலிருக்கும் தகர வாளியில் விரும்பியதைப் போடச் சொல்லலாம் என்றீர்கள். தேர்தலை நடத்த வந்த கோயில் சுவாமியாரும் சம்மதித்தார்.

"பாரமானது எனக்கு இருக்கட்டும். மிதக்கிறது அவவுக்கு" என்றார் சம்மாட்டியார். வாளி காட்டிக்கொடுக்கும் என்பது உங்களுக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருந்தது. ஈயம் விழுந்தால் டொங்கென்று கேட்கும், கேட்காவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். சீலையோரமாகவே கதிரையைப் போட்டுக்கொண்டார்.

முதலில் போனவர்கள் எல்லாரும் டொங், டொங். பிறகு அவருடைய பெரிய படகை ஓட்டும் மண்டாடி உள்ளே போனார். சத்தமே இல்லை. வெளியே வந்து சம்மாட்டியாரை நேரே பார்த்தபடி நடந்தார். மண்டாடியே துணிந்துவிட்டார் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அதன் பிறகு டொங் இல்லை, ஆட்களின் இருமல் மட்டுந்தான். வழிமொழிகிற மருமகன் போனபோதுகூட வாளி வாய் திறக்கவில்லை, அக்கா. எண்ணிப் பார்க்க முன்னமே பெண்கள் உங்களைத் தூக்கிவிட்டார்கள்.

மண்ணெண்ணெய் எல்லாப் படகுக்கும் பங்கானது. அடுத்த வருடம், நீங்களே இருங்கள், போட்டி எதற்கு என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். நீங்கள் என்னைத்தான் பிடித்தீர்கள். "எனக்கு எதிரா நீ நில்லு. இல்லாட்டி நாளைக்கு என்ரை மகனையும் உந்தக் கதிரையிலை இருத்துவினம்."

நின்றேன். உங்கள் பங்கீட்டில் கண்ட பிழைகளை வீடுவீடாகச் சொல்லி வாக்குக் கேட்டேன். உங்கள் வீட்டிலும் கேட்டேன். தேத்தண்ணீர் தந்து, பிழைகளில் இரண்டைத் திருத்தியும்விட்டீர்கள். எனக்குப் படுதோல்வி.

கரையில் இன்றும் என்னை "அக்காவிட்டைத் தோத்தவ" என்றுதான் சொல்கிறார்கள். நிமிர்ந்து நடக்கிறேன்.