இரண்டு பக்கமும் ஆணி அடித்த கதவு

பலாங்கொடை, 1931 ஜனவரி 9, வெள்ளி

உறுதியான செய்தி: கீழே ஹலீம் நானாவின் துணிக்கடைக்கு இன்று மதியம் ஒரு பெயர்ப்பலகை வந்திறங்கியது. யானைப் படம். "கஜராஜ டானிக். பலாங்கொடைக்கு ஒரே ஏஜண்ட்: எம். எஸ். ஹலீம்." தகவல் தந்தவர், அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய பக்கத்துப் பலசரக்குக் கடை சுந்தரலிங்கம்.

நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போனால், நடுச்சுவர்க் கதவைத் திறந்து வந்து துணிக்கடையைப் பார்த்துக்கொள்வது லிங்கம்தான். லிங்கம் கோயிலுக்குப் போனால் நானா அரிசி அளப்பார். பத்திரிகை நிருபராக நான் மாடி அறைக்குக் குடிவந்த நாள் முதல் இப்படித்தான். ஒருவருக்குச் சாரமும் சேலையும், ஒருவருக்கு அரிசி; போட்டிக்கு இடமே இருந்ததில்லை.

"ஒரு வார்த்த சொல்லல பாருங்க ஐயா!" என்று லிங்கம் பொருமினார். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு சாக்கைத் தூக்கி, அடியில் இருந்த பலகையைக் காட்டினார். அதே யானை. ஒரே ஏஜண்ட்: சுந்தரலிங்கம்.

"நீங்க நானாகிட்டச் சொன்னீங்களா?"

"அது வேறங்க."

ஜனவரி 10

காலையில் நானா பலகையை மாட்டினார். நானா இறங்கிய ஏணியை எடுக்கும் முன்பே லிங்கமும் மாட்டினார். யானைகள் ஒன்றையொன்று முறைக்கின்றன. "அலியோ தென்னெக்!" என்று பஸ் கண்டக்டர் சிங்களத்தில் கூவ, சந்தைக்கு வந்த தோட்டத்துச் சனமெல்லாம் இறங்கிப் பார்த்தது, இரண்டு யானைகளையும்.

நானா நடுக்கதவில் தன் பக்கம் ஆணி அடித்தார். சத்தம் கேட்டு லிங்கம் தன் பக்கம் அடித்தார். யாருமே திறக்க முயலாத கதவுக்கு இவ்வளவு காவல்!

"எனக்குச் செல்லாம ஏஜன்சி எடுத்தீக்கி, ஐயா!" என்றார் நானா.

"நீங்க சொன்னீங்களா?"

"அது வேற கத."

பத்திரிகைக்கு எழுதலாமா? இரு தரப்பும் பேசிவிட்டது. இரண்டும் ஒரே தரப்பாக இருக்கிறது.

ஜனவரி 11

ஏஜன்சி விற்றவர் யார்? நானா சொல்வது: துருக்கித் தொப்பி, வாய் நிறைய ஸலாம், பெயர் முக்தார். லிங்கம் சொல்வது: நெற்றி நிறையத் திருநீறு, பெயர் பொன்னுத்துரை. இருவரும் ஒத்துப்போகும் இடங்கள் இரண்டு. இடப்பக்கம் ஒரு தங்கப்பல், போகும்போது சொன்ன வார்த்தை, "பக்கத்துக் கடைக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

தனித்தனியே எடுத்துச் சொன்னேன். தன் ஆளைச் சந்தேகித்ததற்காக இருவரும் என்மேல் கோபித்துக்கொண்டார்கள். ஏமாற்றியவன்மேல் இவ்வளவு நம்பிக்கை. அடுத்த கடைக்காரர்மேல் மட்டும் இல்லை.

ஜனவரி 13

கதவு அப்படியே. டானிக் பெட்டிகள் வந்தன.

ஜனவரி 14, தைப்பொங்கல்

லிங்கத்தின் மனைவி பரிமளம் பொங்கல் சட்டியோடு வீதியைச் சுற்றி, துணிக்கடை முன்வாசலால் வந்தாள்.

"கோவம் அவருக்கு. பொங்கல் எனக்கு. பிடிங்க அக்கா."

சட்டியை வெறுமையாகத் திருப்பித் தரலாமா? நானாவின் மனைவி ஸைனம்பு கைக்கு எட்டியதை எடுத்து வைத்தாள்: ஒரு போத்தல் கஜராஜ டானிக். பரிமளம் மூடியைத் திருகி முகர்ந்தாள்.

"அக்கா, இது சாயத்தண்ணி!"

ஸைனம்பு நக்கிப் பார்த்தாள். "தேயில வெளயிற பலாங்கொடைக்கே தேத்தண்ணி விக்க வந்தீக்கான்!"

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். புருஷன்மார் தலை நீட்டினார்கள், கேட்டார்கள், தலையை இழுத்துக்கொண்டார்கள். நானும் குடித்துப் பார்த்தேன். தேயிலைதான். சீனி போதாது.

ஜனவரி 16, வெள்ளி

நானா கடையைப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் போனார். இதற்கு முன் பூட்டியதில்லை. சாரம் வாங்க வந்த ஒருவர் திரும்பிப் போகப் பார்த்தார். லிங்கம் தன் கடையிலிருந்து பாய்ந்து வந்து மறித்தார்.

"நானா பள்ளிக்குப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு. நம்ம பெஞ்சில உக்காருங்க!"

பூட்டிய கடையையும் காவல் காத்தார். நானா திரும்பி வரும்போது பார்த்தார். பிற்பகல் அவர் பக்கம் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. லிங்கம் அடித்த ஆணிகள் இருக்கின்றனவே.

ஜனவரி 19, திங்கள்

உறுதியான செய்தி: தங்கப்பல்காரன் கஹவத்தையில் பிடிபட்டான். தகவல்: பொலிஸ் சார்ஜன். "கஹவத்தைக்கு ஒரே ஏஜண்ட்" பலகையை அவன் விற்றது சார்ஜனின் மச்சானுக்கு. அங்கே அவனுக்கு மூன்றாவது ஒரு பெயர். இருவரும் கொடுத்த முன்பணம் தேறுவது சந்தேகம். லிங்கத்தின் யானைப் பலகை அரிசிப் பீப்பாவுக்கு மூடியாகிவிட்டது.

லிங்கம் வீட்டுக்கும் போகும் நோன்புக் கஞ்சிக்குச் சட்டி விளக்கிய ஸைனம்பு, சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "சுடச்சுடக் கஞ்சியோட வீதியெல்லாம் சுத்த எனக்கு ஏலா!"

சற்று நேரத்தில் லிங்கம் மாடியேறி வந்தார். "நானாகிட்ட ஆணி பிடுங்குற சுத்தியல் இருக்கு. வாங்கித் தாங்க ஐயா. எனக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. நானாவும் யாருக்கென்று கேட்கவில்லை. சுத்தியலைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"கீழ இருக்கிற ஆணி வளஞ்சீக்கி. பாத்துப் பிடுங்கச் செல்லுங்க."

நிலுவையில் இருப்பவை: வழக்கு, இரத்தினபுரியில், பெப்ரவரி 12. நோன்புப் பிறை, இன்று மாலை. மேகம் மறைத்தால் நாளை. கதவு, பிறைக்கு முன்.