கூட்டின் மணம்

நோல்சோய் தீவு,
செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டபடி புயல்பறவைக் குஞ்சுகளைச் சோதித்தேன். இருட்டுப் பெட்டியின் ஒரு பக்கம் குஞ்சின் சொந்த வளைக்கூட்டில் கிடந்த மண், மறுபக்கம் பக்கத்து வளை மண். நடுவில் விட்டதும் மோந்து பார்த்துவிட்டு அநேகமாக எல்லாமே சொந்த மண்ணுக்குப் போகின்றன. ஒன்று மட்டும் என் கையில் மீனெண்ணெயைக் கக்கிவிட்டு அங்கேயே தூங்கிவிட்டது. அதை எந்தக் கணக்கில் எழுத?

சனிக்கிழமை படகேறி டோர்ஷவ்ன் நகருக்குப் போய் முதியோர் இல்லத்தில் அம்மாவைப் பார்த்தேன். வழக்கம்போல் குளித்து, துவைத்த சட்டையில்தான் போனேன். "யாருப்பா? கரண்டு பாக்க வந்தியா?" என்றாள். அவள் என் பெயரைச் சொல்லி மூன்று வருடமாகிறது.

ஒரு யோசனை. அம்மா பின்னித் தந்த என் கம்பளிச் சட்டை, ஆட்டுக் கொட்டகைக்குப் போடுவது, துவைத்ததே இல்லை. நீ வரும்போது அதைப் போட்டுக்கொண்டு அவளிடம் போ. நான் போட்டுப் போனால் நர்ஸ் வாசலிலேயே நிறுத்துவாள். நீ ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தம்பி ஹெய்னி

கோபன்ஹேகன்,
செப்டம்பர் 17

அன்புள்ள ஹெய்னி,

தூங்கியதை 'தேர்வு இல்லை' என்று எழுது.

குஞ்சு வேறு, அம்மா வேறு. இப்படி ஒப்பிட்டு என் மாணவர் எழுதினால் பெயிலாக்குவேன். தவிர, குஞ்சுக்குத்தான் வளை தெரியும். தாய்க்குக் குஞ்சைத் தெரியாது. தன் வளையில் எந்தக் குஞ்சு இருந்தாலும் ஊட்டிவிடும்.

மாதக் கடைசியில் வருகிறேன். சட்டையைப் படகுத்துறைக்குக் கொண்டு வா. ஒரே ஒரு தடவைதான்.

அக்கா மார்யுன்

கோபன்ஹேகன்,
அக்டோபர் 6

அன்புள்ள ஹெய்னி,

அம்மாவிடமிருந்து நேரே விமானத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. அதனால்தான் உடனே எழுதவில்லை.

நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சட்டைக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஹெய்னி, ஆட்டையெல்லாம் அடைச்சிட்டியாடா?"

"அடைச்சிட்டேம்மா."

"மழை வருது. சீக்கிரம் சாப்பிடு."

கிளம்பும்வரை அந்தச் சட்டைக் கையை அவள் விடவில்லை. என் பெயர் வரவில்லை. உன் யோசனை சரிதான். அடுத்த முறை நீயே போ.

சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் பிடித்திருந்த கை அதில்தான் இருக்கிறது. இரண்டு வாரம் பொறு, அனுப்புகிறேன்.

மார்யுன்

நோல்சோய்,
அக்டோபர் 26

அக்காவுக்கு,

தொலைபேசியில் எல்லாம் சொல்ல முடியவில்லை.

உன் கடிதம் வந்ததும் வேறொரு சட்டையை எடுத்தேன். வீட்டில் எல்லாம் துவைத்தவை. கொட்டகையில் ஆடுகளுக்கடியில் போட்டுப் புரட்டி, அதோடு போனேன். நர்ஸ் தடுக்கவே இல்லை. அம்மா சட்டைக் கையை மோந்து பார்த்தாள். பிறகு, "கரண்டு பாக்க வந்தியா?" என்றாள்.

"ஆமாம்மா. சரி பண்ணிட்டேன்."

"நல்லது தம்பி. வீட்டுக்குப் போ, உங்கம்மா தேடுவா."

அதற்கு அடுத்த புதன்கிழமை அம்மா போய்விட்டாள்.

நீ வர முடியாமல்போன அடக்கத்துக்கு மறுநாள் உன் பார்சல் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. அதில் இப்போது யார் வாசனை இருக்கிறதென்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

குஞ்சுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. பெட்டியைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

ஹெய்னி